பூஜ்யம் வாங்கிய விடையில் என்ன இருக்கிறது?

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. அடுத்த பிள்ளை 79. இன்னொன்று 26. விடை 25. மூன்றுக்கும் சிவப்பு மையில் தப்பு, மூன்றுக்கும் பூஜ்யம். மதிப்பெண் பட்டியலில் மூவரும் ஒரே ரகம். "கணக்கு வராது" என்ற இரண்டு சொல்லில் மூவரின் கதையும் முடிந்துவிடும்.

விடைகளைச் சற்று உற்றுப் பார்த்தால் கதை வேறு. 35 எழுதிய பிள்ளை, ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. கடன் வாங்குவது அதற்கு எட்டவில்லை. அதற்கும் அடியில், 52இல் உள்ள 5 உண்மையில் ஐந்து பத்துகள் என்பதே பிடிபடவில்லை. 79 எழுதிய பிள்ளை கூட்டியிருக்கிறது. பிழையில்லாமல் கூட்டியும் இருக்கிறது; குறியை மட்டும் பார்க்கவில்லை. 26 எழுதிய பிள்ளைக்குக் கழித்தல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணும்போது 52ஐயே முதல் எண்ணாகச் சேர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் வேண்டும். ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து ஒன்றுகளாக்கித் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கைத் தொடும் முன் குறியை வட்டமிடும் பழக்கம் போதும். மூன்றாவதற்கு 27இலிருந்து 30, 30இலிருந்து 50, 50இலிருந்து 52 என்று தாவித் தாவிப் போகும் வழியைக் காட்ட வேண்டும். மூவரையும் சேர்த்து உட்காரவைத்து இன்னும் 50 கழித்தல் கணக்குப் போடச் சொன்னால், முதல் பிள்ளை தன் தப்பை 50 முறை பழகிக்கொள்ளும். பல டியூஷன்களில் நடப்பது இதுதான்.

பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வகைப்படுத்தி 1978இல் வெளியிட்டார்கள். பிழைகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை என்பது அவர்கள் கண்டது. பிள்ளை ஒரு விதியை ஒழுங்காகவே பின்பற்றுகிறது, விதிதான் தவறானது. விதி எது என்று கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்கில் அது என்ன தப்பு விடை எழுதும் என்றுகூடச் சொல்லிவிடலாம். படிப்பில் திணறும் பிள்ளையைப் பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்து தொடங்குவது நல்லது. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் உதவி, எவ்வளவு கொடுத்தாலும், பெரும்பாலும் வேறு எங்கோதான் போய் விழுகிறது.

முதலில் கண், காது, தூக்கம்

டிஸ்லெக்சியாவா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் கற்றல் குறைபாடு), கவனக் குறைபாடா என்று யோசிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. அலுப்பான வேலை என்பதாலோ என்னவோ, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பலகையில் இருப்பதை எழுதும்போது பக்கத்து நோட்டைப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, தலையை ஒருபக்கம் சாய்ப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள். அதிகம் தெரியாதது ஒன்று: தூரத்து எழுத்துப் பலகையைப் பிழையின்றி வாசித்துவிட்ட பிள்ளைக்கும் அருகில் உள்ள புத்தகத்தைத் தொடர்ந்து பார்ப்பதில் சிரமம் இருக்கலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகு வரி தாவுவது, தலைவலி என்பது, கண்ணைக் கசக்குவது இருந்தால், கிட்டத்தில் படிக்கும் பார்வையையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காதுக் கோளாறு இன்னும் தந்திரமானது. சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் கேட்கும் திறன் ஒரு வாரம் குறையும், அடுத்த வாரம் தேறும், மறுபடி குறையும். அதனால்தான் "வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கலை" என்ற குற்றச்சாட்டு எழுகிறது. முகத்தைப் பார்த்துப் பேசினால் சரியாகப் பதில் சொல்லி, முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அதட்டுவதற்கு முன் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது, பகல்கனவு என்று நினைத்து விட்டுவிடும் ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சட்டென உறைந்து நிற்கும். பார்வை வெறிக்கும், இமை படபடக்கும். சில விநாடிகளில் எதுவுமே நடக்காததுபோலத் தொடரும். இடையில் சொன்னது எதுவும் அதற்குத் தெரியாது. பகல்கனவு காணும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பிவிடும். இந்தப் பிள்ளை திரும்பாது. இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். ஒரு நாளில் பல முறை வந்தால் பாடம் ஓட்டை ஓட்டையாகத்தான் மனதில் ஏறும். மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். பிள்ளை அப்படி உறையும்போது கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால், அரை மணி நேர விளக்கத்தைவிட அது உதவும்.

தூக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். தூக்கம் போதாத பெரியவர் தூங்கி வழிவார். சிறு பிள்ளையோ பல நேரம் துறுதுறுவென்று ஆகிவிடும். குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளை வகுப்பில் நிலைகொள்ளாமல் இருந்தால் இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவும் சோர்வாகவும் கவனமின்மையாகவும் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வாசிப்பு: 100 சொல், ஒரு பென்சில்

உடம்பில் கோளாறில்லை என்றால் அடுத்தது வாசிப்பு. அறிவியலில் தோற்ற பிள்ளை வினாவையே வாசிக்க முடியாமல் தோற்றிருக்கலாம்.

பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு பத்தி, சுமார் 100 சொல், ஒரு வகுப்பு கீழே உள்ள பாடநூல் தரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று பிள்ளை கையில், மற்றொன்று உங்கள் கையில். பிள்ளை வாசிக்கட்டும். தப்பாக வாசித்த சொல்லுக்கு மேல் அது வாசித்ததை அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்ட சொல்லை அடித்துவிடுங்கள். திணறி நின்றால் ஐந்து விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லி நகர்த்துங்கள். திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடி நான்கு கேள்வி கேளுங்கள்.

100க்கு ஐந்துக்குள் பிழை என்றால் அந்தத் தரம் தனியாகப் படிக்க உதவும். ஐந்து முதல் பத்து என்றால் பக்கத்தில் ஆள் இருந்து படிக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அது பிள்ளையின் தரமல்ல. இன்னும் ஒரு வகுப்பு இறங்குங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம்தான் பொருந்துகிறது என்றால், வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்ணிக்கையைவிடப் பிழையின் வகை முக்கியம். "இருக்கிறது" என்று அச்சிட்டிருப்பதை "இருக்கு" என்று வாசித்தால் அதைப் பிழையாகவே எண்ணக் கூடாது. கண் எழுத்தைப் பார்த்திருக்கிறது, மனம் பொருளை வாங்கியிருக்கிறது, நாக்கு தன் வழக்கில் சொல்லியிருக்கிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருக்கும்போது இது புரிந்து வாசிப்பதன் அடையாளம். "பள்ளம்" என்பதைப் "பள்ளி" என்று வாசிப்பது வேறு வகை: முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது. "படம்" "பாடம்" ஆவதும், "கொடி" "கோடி" ஆவதும் மூன்றாவது வகை: குறில் நெடில் குறிகள் கண்ணில் நிற்கவில்லை.

தமிழ் எழுத்தில் இதற்கென்றே சில பொறிகள் உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்து என்றாலும் கட்டம் போட்டுப் பார்த்தால் கற்க வேண்டிய குறிகள் குறைவு. ஆனால் உகர, ஊகார வரிசை அந்த ஒழுங்குக்குள் வராது: கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். கொம்பு இன்னொரு பொறி. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. கண் போகும் திசையும் காது கேட்கும் வரிசையும் இங்கே முறுக்கிக்கொள்கின்றன. கையெழுத்தில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தெரியும். "கௌ" "கெள" ஆவதற்குப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது.

எழுத்தெல்லாம் தெரிந்தும் சொல் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. "கடல்", "பகல்", "தங்கம்" மூன்றிலும் ஒரே ககரம்தான், மூன்று விதமாக ஒலிக்கிறது. "தங்கம்" என்பதை எழுத்துக்கூட்டி, கடலின் வல்லொலியோடே "கம்" என்று முடிக்கும் பிள்ளைக்கு அது தெரிந்த சொல்லாகவே கேட்காது. "மூக்கொலிக்குப் பிறகு மென்மையாகச் சொல்லிப் பார், தெரிந்த சொல் வருகிறதா?" என்று ஒருமுறை காட்டினால் சில பிள்ளைகளுக்குப் பல மாதச் சிக்கல் அங்கேயே அவிழும்.

சொல்வதை எழுதும்போது வரும் பிழைகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். "மரம்" "மறம்" ஆவது, லகர ளகர ழகரக் குழப்பம், மூன்று னகரங்கள்: இவற்றில் ஒலி ஏறக்குறைய சரி, எழுத்து மட்டும் தப்பு. இது நினைவுப் பிரச்சினை. பெரியவர்களில் பாதிப்பேரைப் பிடித்து உட்காரவைத்தாலும் இதே பிழைகள் வரும், பதற வேண்டாம். "பட்டம்" "படம்" ஆவது, "பம்பரம்" "பபரம்" ஆவது, எழுத்தே காணாமல் போவது வேறு குவியல். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிள்ளை தனித்தனியாகப் பிரித்துக் கேட்கவில்லை. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. எழுத்தைத் திருப்பிப் போடுவதுதான் டிஸ்லெக்சியா என்பது பரவலான நம்பிக்கை. ஏழு வயது வரை எழுத்து திரும்புவது பல பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காண்பது.

கடைசியாக ஒரு சோதனை. அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி அதே மாதிரிக் கேள்விகள் கேளுங்கள். 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய சூத்திரம் இதன் அடிப்படை: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைக் கூட்டும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் பெருக்கியது. கூட்டியதில்லை, பெருக்கியது; எதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கேட்டுப் புரிகிறது, வாசித்துப் புரியவில்லை என்றால் எழுத்தில் சிக்கல். கடகடவென்று வாசிக்கிறது, கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளம், மொழி. இந்த இரண்டாவது பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. வாசிப்பு சரளமாக இருப்பதால் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று பெயர் வாங்கி, வினாக்களுக்குத் தானே விடை எழுத வேண்டிய வகுப்பு வரும்போது தடுமாறும்.

நாளுக்கு 20 நிமிடம்

எழுத்தில் சிக்கல் என்று தெரிந்தால் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. முதல் மூன்று நிமிடம் பழைய எழுத்துகள். அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு புதிய குறி. இங்கேதான் அதிகம் தவறுகிறோம்: ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் குழப்பத்தையே கற்றுக்கொடுத்ததாகும். ஒற்றைக்கொம்பு கேட்டவுடன் வரும்வரை அது மட்டும். பிறகு இரட்டைக்கொம்பு தனியாக. அதன்பிறகுதான் இரண்டையும் கலந்து.

அடுத்த ஐந்து நிமிடம் சொல்வதை எழுதுதல். ஆறேழு சொல் போதும். சொல்லைக் கேட்டதும் எழுதக் கூடாது. முதலில் ஒவ்வோர் எழுத்தொலிக்கும் மேசையில் ஒரு தட்டு. "பட்டம்" என்றால் ப, ட், ட, ம் என நான்கு தட்டு. எழுதி முடித்த பிறகு எழுத்தை எண்ணித் தட்டோடு ஒப்பிட்டுத் தானே திருத்த வேண்டும். இடையிடையே "மெடு", "தேபு" போன்ற பொருளற்ற சொற்களை வாசிக்கக் கொடுங்கள். பொருளுள்ள சொல்லைப் பிள்ளை உருவத்தை வைத்து ஊகித்துவிடலாம். இவற்றில் ஊகத்துக்கு வழியில்லை.

மீதி ஏழு நிமிடம் ஒரு சிறு பத்தி. ஒரே பத்தியை மூன்று, நான்கு முறை, நேரம் குறித்துக்கொண்டு. முதல் முறை 90 விநாடி எடுத்தது நான்காம் முறை 55 விநாடி ஆவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். வாயால் சொல்லும் பாராட்டு அதற்கு அடுத்தபடிதான். நீண்ட சொல் வரும்போது ஓர் அட்டையால் மூடிப் பகுதி பகுதியாகத் திறவுங்கள். "வந்துகொண்டிருந்தவர்களுக்கு" என்பதில் 15 எழுத்து இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கடைசிக்கு வரும்போது முதலில் வாசித்தது மறந்துபோயிருக்கும். வந்து, கொண்டிருந்த, அவர்களுக்கு என்று மூன்று துண்டாக்கினால் மனதில் தாங்கும்.

தப்பான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் வழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. எழுதும் பிள்ளையின் கையைப் பாருங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு மேலிருந்து கீழாகப் பத்து "ப", அப்புறம் பத்து "ட்", அப்புறம் பத்து "ட" என்று எழுதிக்கொண்டிருக்கும். சொல்லை ஒருமுறைகூட முழுதாக எழுதவில்லை. அதைவிட இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று பார்க்காமல் எழுதவைத்தால் நிற்கும்.

கணக்கும் கவனமும்

வாய்ப்பாடு மறப்பது மட்டும் கணக்குக் குறைபாடு ஆகாது. 8உம் 5உம் கூட்டச் சொன்னால் எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். எட்டு விரலை முதலிலிருந்து எண்ணி, பிறகு ஐந்தை எண்ணி, பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினால் அது ஒரு படி. எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று தொடர்வது அடுத்த படி. மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் முதல் படியிலேயே நிற்கும் பிள்ளையிடம் 73 பெரிதா 37 பெரிதா, 40க்குப் பக்கத்தில் இருப்பது 38ஆ 61ஆ என்று கேட்டு, எண்களின் அளவு பற்றிய உணர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணும்.

கவனம் பற்றி ஒன்று. "புத்தகத்தை எடு, 34ஆம் பக்கத்தைத் திற, மூன்றாம் கணக்கை நோட்டில் எழுது, முடித்ததும் பென்சிலைக் கீழே வை" என்று ஒரே மூச்சில் சொன்னால், புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை அல்ல. நான்கில் மூன்று மனதில் தங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது பலகையில் எழுதிப்போடுங்கள். கவனக் குறைபாடு என்று மருத்துவர் சொல்வதற்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி போல இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் தெரிந்தால் அந்த வகுப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓடியாடும் பிள்ளை உடனே கண்ணில் படும். கடைசி வரிசையில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, ஆண்டுக்கணக்கில் படாமலே போகும்.

1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன், 749ஐ 867ஆல் சடசடவென்று பிழையின்றிப் பெருக்கினான். எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அப்போது அதற்கு அவர் வைத்த பெயர் பிறவிச் சொற்குருடு. பெயர் டிஸ்லெக்சியா என்று மாறிவிட்டது, அந்த ஆசிரியர் கண்ட உண்மை மாறவில்லை. வாசிப்பைச் சரிசெய்யும் வேலை மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை அறிவியலும் வரலாறும் காத்திருக்கக் கூடாது. பாடத்தைக் கேட்கவிடுங்கள், விடையைச் சொல்லவிடுங்கள். வினாத்தாளை வாசித்துக் காட்டுவதும் கூடுதல் நேரம் தருவதும் சலுகை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தேர்வு அறிவியலுக்கு என்றால் அளக்க வேண்டியது அறிவியலைத்தான்.

அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பது, மாட்டிக்கொண்ட இடத்தைக் கண்டுபிடிக்காதவரை, அதே பாடத்தை அதே விதத்தில் மறுபடி நடத்துவதுதான். நிறக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வரும் என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. முன்னறிவிப்பின்றி எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதையும் விட்டுவிடலாம். வகுப்பில் கோமாளித்தனம் செய்யும் பிள்ளையின் முறை வரும்போது நடப்பதைக் கவனித்தால் தெரியும்: வெளியே போய் நிற்கும் தண்டனை, எல்லோர் முன்னும் திக்கி நிற்பதைவிட அதற்கு எளிது.

மாட்டிக்கொண்ட இடம் பார்த்து உதவியும் ஆறேழு வாரத்தில் அசைவே இல்லை என்றால், அல்லது குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்தால், கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ போகலாம். முறையான வரையறைப்படி, குறிவைத்த உதவிக்குப் பிறகும் ஆறு மாதம் நீடித்தால்தான் குறைபாடு என்று பெயர் வைப்பார்கள். பெயர் வரும்வரை உதவியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. போகும்போது மதிப்பெண் அட்டையோடு, பிழை குறித்த அந்த 100 சொல் தாள்கள், தேதியிட்ட சொல்வதை எழுதும் நோட்டு, கண், காது அறிக்கைகள் நான்கையும் கொண்டு போங்கள்.

ஆண்டு முடிவில் செய்ய வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு. அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு. இல்லாவிட்டால் ஜூனில் எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்கும். "படிப்பில் பின்தங்கியவர், ஊக்கம் தேவை" என்று எழுதினால் அது குறிப்பே அல்ல. இப்படி எழுதலாம்: துணைக்கால், ஒற்றைக்கொம்பு உறுதி, இரட்டைக்கொம்பு பாதிதான். மூன்றெழுத்துச் சொல் தடையில்லை, ஆறைத் தாண்டினால் ஊகிக்கும், அட்டை வைத்துப் பிரித்தால் வாசிக்கும். வாசித்துக் காட்டினால் முழுதும் புரிகிறது. வாய்மொழி விடைகள் வகுப்புத் தரத்துக்கு மேல். பலகையிலிருந்து எழுத நேரம் போதாது, அச்சிட்ட தாள் கொடுக்கவும். வகுப்பில் சத்தமாக வாசிக்கவைப்பதாக இருந்தால் பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடவும்.